பள்ளிக்கு வர இயலாத பிள்ளை: தென்னார்க்காட்டிலிருந்து ஒரு குறிப்பு

குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்பது மரபு. ஸ்ரீவைகுண்டத்துக் கவிராயர் வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றார்கள்; முருகன் அருளால் வாய் திறந்தது; திறந்த வாயிலிருந்து கந்தர் கலிவெண்பா வந்தது. பின்னாளில் அவர் தருமபுரத்து மாசிலாமணி தேசிகரை அடைந்து, குருவின் சொல்லை ஏற்றுத் தில்லையில் சில காலம் தங்கிச் சிதம்பர மும்மணிக்கோவை பாடியதெல்லாம் இலக்கிய வாசகர்கள் அறிந்ததே. எனக்கு எப்போதும் உறுத்துவது அந்த ஐந்து ஆண்டுகள்தாம். தகப்பனார் கவிராயர். வீட்டில் நாள் முழுவதும் செய்யுள் ஒலித்திருக்கும். பேசாத பிள்ளையின் காதில் யாராவது ஓயாமல் எதையாவது ஓதிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. கதை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அற்புதம் நடந்த நாளை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரை மறந்துவிட்டோம்.

பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரின் கதை இன்னும் அண்மையது. 1836இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே அம்மை நோயால் கண்ணிழந்தவர். எழுத்தைக் காணாமலே செவிவழியாகக் கற்றுப் பெரும் புலவரானார். நோய் பள்ளிக்கூடத்தின் வாயிலை அடைத்தபோது வீடு பள்ளியாயிற்று. ஆனால் இத்தகைய கதைகளை அடுக்கிக்கொண்டே போவதில் ஓர் ஆபத்து உண்டு. நினைவில் நிற்பவர்கள் வென்றவர்கள் மட்டுமே. அம்மையில் கண்ணிழந்தும் நாவலர் ஆகாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்பதை எந்தச் சரித்திரமும் எண்ணவில்லை.

எண்ண முயன்ற ஒரு சந்தர்ப்பம் இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் ஒரு குறிப்பு எழுதி, ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரும் தம் எல்லையிலுள்ள பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுத்து அனுப்பப் பணித்தார். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடும் அனுப்பியது. சிதம்பரமும் பிச்சாவரமும் அந்த மாவட்டத்தில் அடங்கியவை. எல்லாம் வந்து சேர்ந்தபின் 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்துப் பார்த்தார்: மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபின் இந்த எண்கள் நம் அறிவுலகில் வெகுவாகப் பேசப்பட்டன. பேசப்படாத ஓர் எண்ணும் அதே குறிப்பில் இருக்கிறது. சென்னை நகரத்தில் மட்டும் வீட்டிலேயே பாடம் கற்பவர்கள் 26,963 பேர் என்று அறிக்கை வந்திருந்தது. அது நகரத்துப் பள்ளிகளில் பயில்வோரைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். ஆயினும் உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ பிள்ளைகள் வீட்டில் கற்பது நாட்டின் எந்தப் பகுதியிலும் அரிதன்று என்றும் ஒப்புக்கொண்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுக் கல்வி விதிவிலக்கல்ல, வழக்கம் என்பதற்கு இது சான்று. ஆனால் யாருடைய வீடு? கலெக்டர்களுக்குக் கொடுக்கப்பட்ட படிவம் சாதி வாரியாகவும் ஆண் பெண் என்றும் பிரித்தது. நோயாளிப் பிள்ளைக்கோ, எழுத்து ஏறாத பிள்ளைக்கோ அதில் பத்தி இல்லை. சேரிப் பிள்ளைகளுக்கும் காட்டோரத்து இருளர் பிள்ளைகளுக்கும் திண்ணையே எட்டாத இடம். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கவேண்டி வந்ததிலிருந்தே முந்தைய நூற்றாண்டின் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

திண்ணைப் பள்ளியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறோம். ஒன்று ஏக்கம், மற்றது கோதண்டமும் பிரம்பும் பற்றிய திகில். இரண்டும் உண்மைதான். மெதுவாகக் கற்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது, அங்கே வகுப்பு என்பது இல்லை. ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான், பக்கத்தில் இருப்பவன் எண்சுவடியில், மூன்றாமவன் நிகண்டு ஒப்பிப்பான். இத்தனாவது வயதில் இத்தனாவது பாடம் என்ற கணக்கு இல்லாத இடத்தில் ‘பின்தங்குதல்’ என்ற சொல்லுக்குப் பெரிய பொருள் இல்லை. அடி வாங்கினான், ஆனால் தேர்வில் தோற்கவில்லை. இரண்டாவது, மணல். விரலால் மணலில் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லி, கண்ணும் காதும் கையும் ஒருசேர எழுத்தைப் பழகும் முறை.

இந்த மணலுக்கு ஒரு விசித்திரமான பயணம் உண்டு. எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் குதிரையில் போகையில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்து 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது உலகெங்கும் பரவியது. நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1920களிலும் 30களிலும், அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்ஹாம், கிரேஸ் ஃபெர்னால்டு ஆகியோர் வாசிப்பதில் இடர்ப்படும் குழந்தைகளுக்கான கற்பித்தலை வகுத்தபோது, அதன் நடுவே இருந்ததும் இதே கருத்துத்தான்: பார்த்து, சொல்லி, விரலால் தடவி எழுத்தைக் கற்பது. இதைச் சொல்வதால் எல்லாம் நம் முன்னோர் முன்பே அறிந்தது என்ற முழக்கத்துக்கு நான் ஆள் சேர்ப்பதாக எண்ணிவிட வேண்டாம். திண்ணை ஆசிரியருக்கு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறைதான் தெரியும். அது சிலருக்குத் தற்செயலாகப் பொருந்தியது. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு அது ஏன் தேவை என்று அறிந்து செய்வது வேறு காரியம்.

அந்த அறிவு தொடங்கிய இடமும் ஒரு வீட்டுப் பாடத்தோடு சம்பந்தப்பட்டதே. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பெர்சி என்னும் பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பானவன், ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் இடையறாமல் பயின்றவன். ஆயினும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுவான், பிழையென்றும் உணரமாட்டான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருக்குமானால் பள்ளியிலேயே அவன்தான் மிகக் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். பெர்சியின் வீட்டுக்கு ஆசிரியர் வந்தார், நேரம் கிடைத்தது, பணமும் இருந்தது. கிடைக்காதது அவனுக்கேற்ற கற்பித்தல். வீட்டுக் கல்வியில் ‘போதுமானது’ என்ற சொல் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை.

*

இனிப் பிச்சாவரத்துக்கு வருவோம். சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த காடு. தில்லைக்குப் பெயர் தந்த தில்லை மரத்தை இன்று நகரத்தில் தேடிப் பயனில்லை, இங்கேதான் பார்க்கவேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது படகுச் சவாரி, 1975இல் வந்த ‘இதயக்கனி’, 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னிருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததைப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் 2005இல் எழுதி, அது உலக அளவில் விவாதிக்கப்பட்டது. காட்டைக் கூறுபோட்டு முறைவைத்து வெட்டிய வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை நீடித்தது. எந்தக் கூறு எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பதற்கெல்லாம் திட்டமும் கணக்கும் இருந்தன. காட்டோரத்தில் வாழ்ந்த மனிதர்களுக்குத்தான் ஏடு இல்லை. கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் பழங்குடிச் சான்றிதழுக்காகவே நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. தென்னார்க்காட்டு இருளர்களுக்காகப் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் தொடர்ந்து நடத்திய போராட்டத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள்.

இந்தக் கரையில் ஒரு சிறுவனைக் கற்பனை செய்துகொள்கிறேன். கற்பனைதான், ஆனால் மிகைக் கற்பனை அன்று. வயது பத்து. ஐந்தாம் வகுப்பு. கேட்டால் கதை சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் நழுவும். ண, ந, ன மூன்றும் ஒன்றாகத் தெரியும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்க ஒலி பின்னால் வருவது அவனுக்குப் புதிர். ‘கொ’ என்பதில் ஒரே ஒலிக்குக் குறி இரு பக்கமும் நிற்பது பெரும் புதிர். இந்நிலையில் சிறுநீரகக் கோளாறோ, மூட்டுவாதக் காய்ச்சல் தொட்ட இதயமோ, ஏதோ ஒன்று அவனைப் பல மாதங்கள் படுக்கையில் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகும் ஊர். பள்ளிக்குப் போக முடியாது. பள்ளி அவனிடம் வருமா?

சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், நெடுங்காலம் பதில் ‘வரவேண்டியதில்லை’ என்பதே. கட்டாயக் கல்விச் சட்டங்கள் நோயையும் குறைபாட்டையும் பிள்ளை வராமைக்கு ஏற்கத்தக்க காரணமாக வைத்தன. பல மாநிலங்களுக்கு முன்மாதிரியான 1960ஆம் ஆண்டின் டெல்லித் தொடக்கக் கல்விச் சட்டம், உடல் அல்லது மனக் குறைபாடுள்ள குழந்தையை அனுப்பாத பெற்றோரைத் தண்டனையிலிருந்து விலக்கியது. கருணைபோலத் தோன்றும் இந்த விலக்குக்கு மறுபக்கம் உண்டு: பெற்றோருக்கு மன்னிப்பு, அரசுக்கு விடுதலை. 1974இல் மத்திய அரசு ஊனமுற்ற குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அது பள்ளிக்கு வரக்கூடியவர்களுக்கானது. தொண்ணூறுகளில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழகத்தில் முதலில் நுழைந்த மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று. 1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி என்றது. அது பட்டியலிட்ட ஊனங்கள் ஏழு. கற்றல் குறைபாடு அவற்றில் இல்லை.

வீட்டுவழிக் கல்வி என்ற பெயரில் ஆசிரியர் படியேறி வரத் தொடங்கியது 2001க்குப் பின், அனைவருக்கும் கல்வி இயக்கத்தில். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றார்கள். பள்ளிக்கு ஆயத்தம், அல்லது வாழ்க்கைக்கு ஆயத்தம் என்று இதன் நோக்கம் வகுக்கப்பட்டது. தானே உண்ண, உடுக்க, கழிப்பறை செல்லப் பழக்குவது இதில் பெரும்பங்கு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாயைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் நம் மொழியே ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. இத்திட்டத்தைக் களத்தில் ‘இல்லம் சார்ந்த பயிற்சி’ என்றும் சொல்கிறார்கள். கல்வி பயிற்சியானது எந்த நாளில் என்று தெரியவில்லை. நம் சிறுவனுக்கு வேண்டியது பயிற்சி அன்று. ஐந்தாம் வகுப்புப் பாடம், அவனுக்கு ஏறும் வழியில்.

2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் கற்கும் உரிமை அதன் முதல் வடிவில் இல்லை. மாற்றுத்திறனாளி அமைப்புகளின் வலியுறுத்தலுக்குப்பின் 2012இல் திருத்தம் செய்து, ‘பல்வகை ஊனம்’ உள்ள குழந்தையும் ‘கடும் ஊனம்’ உள்ள குழந்தையும் விரும்பினால் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்று மூன்றாம் பிரிவில் சேர்த்தார்கள். உரிமை என்ற சொல் முதன்முறையாக வீட்டுக்குள் வந்தது.

இங்கேதான் நான் வாசிப்பை நிறுத்தி மறுபடி படித்தேன். அந்த இரண்டு சொற்களுக்கும் பொருளை அச்சட்டம் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே போய்ப் பார்த்தால், பல்வகை ஊனம் என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு ஊனங்களில் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ சேர்ந்திருப்பது. கடும் ஊனம் என்பது 80 விழுக்காடும் அதற்கு மேலும். 2016இல் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடு உள்ளே வந்தது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற இரத்த நோய்களும் வந்தன. ஆனால் அச்சட்டம் அருகமைப் பள்ளியையும் சிறப்புப் பள்ளியையும் பற்றிப் பேசும்போது வீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சட்டத்தில் வீடு இருக்கிறது, கற்றல் குறைபாடு இல்லை. மற்றதில் கற்றல் குறைபாடு இருக்கிறது, வீடு இல்லை. நம் சிறுவன் இரண்டுக்கும் நடுவே விழுகிறான். அவனுடைய நோய் ஊனம் அன்று. அவனுடைய குறைபாடு கடுமையானதாக எண்ணப்படுவதில்லை. இரண்டும் சேர்ந்து அவனை என்ன செய்கின்றன என்பதைக் கேட்கும் பத்தி எந்தப் படிவத்திலும் இல்லை. மன்றோவின் படிவம் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்கச் சட்டம் இதை வேறு விதமாகக் கையாண்டது. 1975இல் அங்கே நிறைவேறிய சட்டம் சிறப்புக் கல்வி என்பதை வரையறுக்கும்போதே, வகுப்பறையில் கற்பிப்பது, வீட்டில் கற்பிப்பது, மருத்துவமனையில் கற்பிப்பது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டது. இடம் எதுவானாலும் கல்வி கல்வியே. அதன்பின் எழுந்த சண்டையெல்லாம் எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதே. ஏமி ரவுலி என்ற காது கேளாத சிறுமி வகுப்பில் தேறிவந்ததைக் காட்டி, சைகைமொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஏதோ ஓரளவு பயன் கிட்டினால் போதும் என்று பல கீழ் நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் கொண்டன. 2017இல் ஆட்டிசம் உள்ள என்ட்ரூ என்ற சிறுவனின் வழக்கில், பெயரளவுக்கு மேல் வேண்டும், அந்தப் பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இரண்டுக்கும் இடையில் 35 ஆண்டுகள். செல்வ நாட்டிலும் ‘போதும்’ என்ற சொல்லைப் பிடித்து நிறுத்த அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நம்மிடம் அந்தச் சண்டை இன்னும் தொடங்கவே இல்லை. முதலில் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்பதை நிறுவவேண்டும். 2018இல் வெளியான மதிப்பீட்டு நெறிமுறையின்படி சான்றிதழ் எட்டு வயதில் தொடங்கியது. பதினான்கிலும் பதினெட்டிலும் திரும்பப் பெறவேண்டியிருந்தது. சோதனை எந்த மொழியில்? தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கென்று உருவாக்கி வெளியிட்ட கருவி, முதலில் ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில் இருந்தது. தமிழ் அந்த முதல் வரிசையில் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் தடுமாறுவதும் தமிழில் தடுமாறுவதும் ஒன்றல்ல. தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். ல, ள, ழ வேறுபாடு பேச்சில் தேய்ந்துபோன ஊர்களில் எழுத்தைக் காதால் பிடிக்க வழியில்லை. 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ணை, லை, னை, றா போன்ற பழைய கூட்டு வடிவங்களை ஒழுங்குபடுத்தியபோது அதை அரசியலாகவும் அச்சு வசதியாகவுமே விவாதித்தோம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நினைவில் வைக்கவேண்டிய விதிவிலக்குகள் சில குறைந்தன என்ற கோணத்தில் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

2020 மார்ச்சில் தொடங்கிய பள்ளி அடைப்பு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் வீட்டுப் பிள்ளைகளாக்கியது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. அலைபேசி இருந்த வீடுகளில் அலைபேசி இருந்தது. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம், ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை. பிச்சாவரத்துக்கு வடக்கே அதே கடற்கரைதான். பெயரைக் கேட்டபோது நம் சிறுவனுக்கு விடிவு வந்ததென்றே நினைத்தேன். ஆனால் அந்த இல்லம் பொது இல்லம்; பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அவன் நடந்து வரவேண்டும். எதிர்ப்புச்சக்தி குறைந்து படுத்திருப்பவனால் பக்கத்துத் தெருவும் தொலைவுதான். தன்னார்வலருக்கு வாசிப்புக் குறைபாட்டைக் கையாளத் தெரியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆயினும் ஆசிரியர் தெருவுக்கு வர முடியும் என்பதை அது காட்டிவிட்டது. அதற்குப்பின் முடியாது என்று சொல்வது கொஞ்சம் கடினம்.

2022இல் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தி, தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவை மாணவர்க்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021இல் அளித்த ஒரு தீர்ப்பின் விளைவு அது. ஒரே கூரைக்குக் கீழ் பத்துப் பேர் இருந்தால் அந்த விகிதம் வேலை செய்யும். காயலோரக் குடியிருப்புகளில் சிதறிக் கிடக்கும் பத்து வீடுகளுக்கு ஓர் ஆசிரியர் என்றால், அவருடைய நாளில் பாதி பேருந்துக்கும் படகுத்துறைக்கும் போய்விடும்.

அந்த அட்டவணையிலேயே இன்னொரு வரி உண்டு. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி நேரம். ஆறு முதல் எட்டுவரை 220 நாள், 1000 மணி நேரம். பள்ளிக்கு மணிக்கணக்கு வைத்த சட்டம், வீட்டுவழிக் கல்விக்கு ஒரு மணிகூடக் குறிக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒருவர் வந்துபோனால் ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூடத் தேறாது. ஏட்டில் அது வீட்டுவழிக் கல்வி என்றே பதியப்படும்.

கிள்ளைப் பக்கம் ஒரு தாய் நாளை தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் வட்டார வள மையத்துக்கும் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், மருத்துவர் கடிதத்தை இணைக்கலாம். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதையும் இணைக்கலாம். எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதுவது என அவர் கேட்டால், அந்த 800ஐத்தான் காட்டமுடியும்.